தண்ணீர்க் கணக்கு

100 கிராம் காய்ந்த பார்லியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? கையில் அள்ளினால் தூசு பறக்கிற தானியம், அதில் ஏது தண்ணீர் என்றுதான் கேட்கத் தோன்றும். அரிசோனா பாலைவனத்துக் கங்காரு எலிக்கு அதிலிருந்து 60 கிராம் தண்ணீர் கிடைக்கிறது. அதில் 6 கிராம், தானியத்தில் ஒட்டியிருக்கும் ஈரம். மீதி 54 கிராமை எலியின் உடலே உண்டாக்கிக்கொள்கிறது. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் மூச்சுக்காற்றின் ஆக்ஸிஜனோடு சேரும்போது பிறக்கும் தண்ணீர் அது. எலிக்கு மட்டும் வாய்த்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நாம் தின்கிற சோறும் இப்படித்தான் உடம்புக்குள் கொஞ்சம் தண்ணீராக மாறுகிறது. நம் செலவுக்கு அது எந்த மூலைக்கு என்பதால் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

எலி வைக்கிறது. சுமார் 35 கிராம் எடையுள்ள கங்காரு எலி ஒன்று அந்த 100 கிராம் பார்லியைத் தின்று முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில் சிறுநீராக வெளியேறுவது 13.5 கிராம், புழுக்கையில் 2.6 கிராம், மூச்சிலும் தோலிலும் ஆவியாகப் போவது 43.9 கிராம். கூட்டிப் பாருங்கள், 60. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமலே அதனால் இருக்க முடியும்.

இந்தக் கணக்கை எழுதியவர்கள் நட் ஷ்மிட்-நீல்சன், போடில் ஷ்மிட்-நீல்சன் தம்பதி. ஸ்காண்டிநேவியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன உடலியங்கியல் அறிஞர்கள். போடிலின் தந்தை ஆகஸ்ட் க்ரோக் 1920-இல் நோபல் பரிசு பெற்றவர். பெரும்பாலான உடலியங்கியல் கேள்விகளுக்கு, அதை ஆராய மிகத் தோதான விலங்கு ஒன்று எங்கேயாவது இருக்கும் என்பது க்ரோக்கின் கொள்கை. மகளும் மருமகனும் அதை நம்பி 1940-களில் அரிசோனாவின் சாண்டா ரீட்டா பகுதிக்குப் போய் எலி பிடித்தார்கள்.

பாலூட்டியின் சிக்கல் அதன் சூட்டிலேயே இருக்கிறது. பாம்பும் பல்லியும் வெளியே உள்ள சூட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்கிக்கொள்ளும். பாலூட்டி சுமார் 37 டிகிரியைக் கட்டிக் காக்க வேண்டும், அதற்காக உள்ளே ஓயாமல் எரிந்துகொண்டிருக்க வேண்டும். வெளிக்காற்று உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை சூடு தானாக வெளியே போகும். காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால் ஒரே வழிதான் மிச்சம்: தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு கிராம் நீர் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் போகும். இதைவிட மலிவான வழி இயற்பியலில் கிடையாது. கடும் வெயிலில் உழைக்கும் மனிதனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்ப்பது சாதாரணம். 35 கிராம் எலி அதே விகிதத்தில் வேர்க்க ஆரம்பித்தால்? உடல் சிறுத்தால் எடைக்கு ஈடாகத் தோல்பரப்பு பெருகும். எவ்வளவு சிறிதோ அவ்வளவு வேகமாகச் சூடு ஏறும். சில மணி நேரத்தில் எலி முடிந்துவிடும்.

அதனால் எலி வேர்ப்பதில்லை. வெயிலைச் சந்திப்பதே இல்லை என்பதுதான் சரி. கோடைப் பகலில் பாலைவன மணலின் மேற்பரப்பு 70 டிகிரி வரை போகும். கீழே வளைக்குள் அந்தச் சூடு எட்டாது. பகல் முழுக்க அங்கே கிடந்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே வருகிறது. வளைக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தத் தம்பதி செய்த காரியம் எனக்குப் பிடித்தமானது. சின்னஞ்சிறு ஈரப்பதமானி ஒன்றை எலியின் வாலில் கட்டி விட்டார்கள். எலி அதை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்ப் படுத்து எழுந்து திரும்பியது. வளைக்காற்றில் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு ஈரம் இருந்தது. எலி மூச்சில் விட்ட ஈரமும் மண்ணின் ஈரமும் அடைபட்ட காற்றில் தங்கிவிடுகின்றன. அங்கே சேர்த்து வைத்த விதைகளும் அந்த ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கின்றன. மூச்சில் போனதில் ஒரு பங்கு மறுநாள் சாப்பாட்டோடு திரும்பி வருகிறது.

பாடப்புத்தகங்கள் கங்காரு எலியின் சிறுநீரகத்தைத்தான் கொண்டாடும். கொண்டாட வேண்டியதுதான். நம் சிறுநீர் ரத்தத்தைப்போல நான்கு மடங்கு வரை செறிவாகலாம், அதற்கு மேல் நம்மால் ஆகாது. இந்த எலிக்குப் பதினைந்து மடங்கைத் தாண்டும். சிறுநீரகத்தின் உட்பகுதியில் கீழே இறங்கி மேலே ஏறும் ஹென்லே வளையம் எனும் நுண்குழாய்கள் அதில் மிக நீளம். உப்பை ஆழத்தில் தேக்கி வைத்து, கழிவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. இதைச் சோதிக்க எலிகளுக்குப் புரதம் மிகுந்த சோயாவைக் கொடுத்தார்கள். புரதம் கூடினால் யூரியா கூடும், அதை வெளியேற்றத் தண்ணீர் வேண்டியிருக்கும். குடிக்க வைத்தது கடல்நீர். எலிகள் அதைக் குடித்துப் பிழைத்துக்கொண்டன. ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டிய மனிதனால் இது நடக்காது. ஆஸ்திரேலியாவின் துள்ளெலி ஒன்று இதையும் மிஞ்சியது, அதன் சிறுநீர் ரத்தத்தைப்போல சுமார் இருபத்தைந்து மடங்கு செறிவானது என்று 1967-இல் பதிவாகியிருக்கிறது.

ஆனால் மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். சிறுநீர் 13.5, ஆவி 43.9. பெரிய செலவு மூச்சில்தான். சிறுநீரகம் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அங்கே ஓட்டை இருந்தால் பயனில்லை. அந்த ஓட்டையை அடைப்பது மூக்கு. உள்ளே இழுக்கும் வறண்ட காற்று மூக்கின் குறுகிய சுவர்களைக் குளிரவைத்துக்கொண்டே போகிறது. நுரையீரலிலிருந்து ஈரத்தோடு திரும்பும் காற்று அதே குளிர்ந்த சுவர்களில் பட்டு ஈரத்தை விட்டுவிட்டு வெளியேறுகிறது. எலி வெளிவிடும் காற்று, அது உள்ளே இழுத்த காற்றைவிடவும் குளிர்ச்சியாக இருந்ததை 1960-களில் அளந்தார்கள். இத்தனை இருந்தும், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் எலியின் கணக்கில் துண்டு விழுகிறது. முன்னால் பார்த்த சரிக்கட்டு 20 சதவீத ஈரப்பதத்தில் எடுத்தது. ஆகவே எலியைக் காப்பாற்றுவதில் முதலிடம் சிறுநீரகத்துக்கு இல்லை, வளைக்குத்தான் என்பது என் கட்சி. உறுப்பை வெட்டி மேசைமேல் வைத்துக் காட்டலாம், வளையைக் காட்ட முடியாது. புகழ் உறுப்புக்குப் போய்விட்டது.

சகாராவிலும் ஆசியாவிலும் ஜெர்போவா, ஆஸ்திரேலியாவில் துள்ளெலி, அமெரிக்காவில் கங்காரு எலி. மூன்றும் நெருங்கிய உறவில்லாதவை. மூன்றுக்கும் நீண்ட பின்னங்கால், நீண்ட வால், இரவு நடமாட்டம், ஆழ்ந்த வளை. நம் தார் பாலைவனத்து ஜெர்பில் எலி மட்டும் பகலில் திரிவது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில் ஈஷ்வர் பிரகாஷ் அதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அதுவும் கோடை உச்சிவெயிலில் வளைக்குள் போய்விடும்.

ஒட்டகத்தால் வளை தோண்ட முடியாது. நிழலும் பெரும்பாலும் கிடைக்காது. 1953-இல் ஷ்மிட்-நீல்சன் தம்பதி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் பாலைச்சோலைக்குப் போனார்கள். அதுவரை ஒட்டகத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பாதி, கேட்ட கதை. வயிற்றில் தண்ணீர்ப் பைகள் உண்டு, தாகத்தில் சாகக் கிடக்கும் பயணி ஒட்டகத்தை அறுத்து அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிழைப்பான் என்பது ரோமர் காலத்திலிருந்து வரும் கதை. அறுத்துப் பார்த்ததில் இருந்தது அரைபட்ட தீனி கலந்த செரிமானச் சாறு, ரத்தத்தின் அளவுக்கே உப்பு. உயிர் போகும் நிலையில் ஒருவர் அதையும் குடிக்கலாம், ஆனால் அது சேமிப்பு இல்லை; ஆடு மாடுகளின் வயிற்றிலும் இருப்பதுதான்.

திமில் கதை இன்னும் நடமாடுகிறது. திமிலில் இருப்பது கொழுப்பு. கொழுப்பு எரிந்தால் தன் எடைக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் தரும் என்பது உண்மை. 40 கிலோ கொழுப்பு என்றால் 40 லிட்டருக்கு மேல் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தவர்கள் உண்டு. அதை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும், ஆக்ஸிஜனுக்கு மூச்சு வாங்க வேண்டும், வறண்ட காற்றில் வாங்கும் ஒவ்வொரு மூச்சும் ஈரத்தைக் கொண்டுபோகும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை திமிலால் லாபம் இல்லை. திமில் பட்டினிக்கு. கொழுப்பெல்லாம் முதுகில் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் மற்ற இடங்களில் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை இல்லை, அங்கே சூடு எளிதாக வெளியேறும் என்பது உபரி நன்மை.

உண்மையான விடை வெப்பமானியில் கிடைத்தது. வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்த ஒட்டகத்தின் உடல்சூடு நாள் முழுக்க 2 டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்கியது. தண்ணீர் நிறுத்திய ஒட்டகம் விடியற்காலையில் 34 டிகிரியில் இருந்தது, பிற்பகலில் 40-ஐத் தாண்டியது. நமக்கு அது கடுங்காய்ச்சல். ஒட்டகத்துக்கு அது ஏற்பாடு. காலையில் தன்னைக் குளிரவைத்துக்கொண்டு தொடங்குகிறது. பகல் சூட்டை வேர்வையால் விரட்டாமல் உடம்பிலேயே வாங்கி வைக்கிறது. இரவில் பாலைவனம் குளிர்ந்ததும் சொட்டுத் தண்ணீர் செலவில்லாமல் அதை வெளியே விடுகிறது. 500 கிலோ ஒட்டகம் இப்படி 6, 7 டிகிரி ஏறவிட்டால் நாளொன்றுக்கு 4, 5 லிட்டர் தண்ணீர் மிச்சம். இன்னொன்றும் உண்டு. 40 டிகிரி உடம்புக்கும் 45 டிகிரி காற்றுக்கும் இடையே வித்தியாசம் குறைவு, ஆகவே வெளியிலிருந்து உள்ளே வரும் சூடும் குறைவு. சிறு உடலால் இதைச் செய்ய முடியாது, எலி சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பெரிய உடல் மெல்லச் சூடாகும். மாலைவரை தாக்குப்பிடித்தால் போதும்.

தண்ணீர் உள்ளபோது ஒட்டகம் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெருக்கடி வந்தால் மட்டுமே வாங்கும் கடன் இது.

முடியையும் சோதித்தார்கள். ஒரு ஒட்டகத்தின் முடியை மழித்துவிட்டு, அது இழக்கும் தண்ணீரை மழிக்காத ஒட்டகத்தோடு ஒப்பிட்டார்கள். பாதிப் பங்கு கூடுதலாகச் செலவானது. வெயிலில் முடியின் வெளிமுனை 70 டிகிரிக்குக் கொதிக்கும், அடியில் தோல் 40 டிகிரியில் இருக்கும். பாலைவன மக்கள் உடல் முழுக்கப் போர்த்திக்கொண்டு நடப்பதன் காரணமும் இதுவே.

அப்படியும் தண்ணீர் குறையத்தான் செய்யும். கோடையில் எட்டு நாள் குடிக்காத ஒட்டகம் ஒன்று தன் எடையில் 22 சதவீதத்தை இழந்திருந்தது. விலா எலும்பு எண்ணும்படி வற்றிப்போயிருந்தாலும் அது நின்றது, நடந்தது. மனிதன் பாலை வெயிலில் 12 சதவீதத்தை எட்டுவதற்குள் செத்துப்போவான். நமக்கு இழப்பு ரத்தத்தில் விழுகிறது, ரத்தம் கெட்டியாகிறது, உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர இதயத்தால் முடிவதில்லை, உடல்சூடு திடீரென்று எகிறுகிறது. ஒட்டகத்தில் இழப்பு பெரும்பாலும் திசுக்களிலிருந்தும் குடலிலிருந்தும் போகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகம் குறைவதில்லை. பிறகு தண்ணீரைக் கண்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிக்கும். அத்தனை வேகமாக ரத்தம் நீர்த்தால் மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணு நீள்வட்டமானது, இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் தாங்கும். தீனியில் புரதம் குறைந்தால் யூரியாவைச் சிறுநீரில் விடாமல் வயிற்றுக்கே திருப்பி அனுப்புகிறது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து மறுபடி புரதம் செய்கின்றன. கழிவு குறைந்தால் அதைக் கழுவித் தள்ளும் தண்ணீரும் மிச்சம்.

ஆப்பிரிக்காவின் ஓரிக்ஸ் மானும் இதே கடனைத்தான் வாங்குகிறது. 1960-களில் கென்யாவில் சி. ஆர். டெய்லர் ஆய்வுக்கூடச் சூட்டில் வைத்துப் பார்த்தபோது அதன் உடல் 45 டிகிரியைத் தொட்டு, மணிக்கணக்கில் அங்கேயே இருந்தது. அந்த மான் தின்னும் செடி ஒன்றின் இலை பகலில் ஒரு சதவீத அளவு ஈரமே இருந்து கையில் நொறுங்கும். இரவில் காற்று குளிர்ந்து ஈரம் ஏறும்போது அதே காய்ந்த இலை 40 சதவீதம் தண்ணீராகிறது. மேய்ச்சலை இரவுக்குத் தள்ளினால் தீனியோடு தண்ணீரும் கிடைக்கும்.

45 டிகிரியில் மூளை வெந்துபோகாதா? மூளைக்குப் போகும் தமனி ஓரிக்ஸில் அடிமண்டையில் நுண்ணிய வலையாகப் பிரிகிறது. மூக்கில் குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் அந்த வலையைச் சூழ்ந்து நின்று அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஓடவிட்ட சிறுமான் ஒன்றின் மூளை, அதற்குப் போகும் ரத்தத்தைவிட 2.7 டிகிரி குளிர்ச்சியாக இருந்ததை டெய்லரும் லைமனும் 1972-இல் காட்டினார்கள். மூளையைக் காக்கவே இந்த வலை என்ற விளக்கம் எல்லாப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவில் டங்கன் மிட்செல், ஆண்ட்ரியா ஃபுல்லர் குழுவினர் சிறு கருவிகளை உடலுக்குள் பொருத்தி விலங்குகளைக் காட்டில் திரியவிட்டு அளந்தார்கள். துரத்தப்பட்டு ஓடும் விலங்கில், மூளை மிகவும் சூடாகும் அந்த நேரத்தில், குளிர்ப்பு நின்றுவிடுகிறது. சும்மா படுத்திருக்கும் வெயில் நேரத்தில்தான் வேலை செய்கிறது. சூட்டை உணர்ந்து வேர்வையைத் திறந்துவிடும் மையம் மூளைக்குள் இருக்கிறது. அதைக் குளிர்ச்சியாக வைத்தால், உடல் சூடானாலும் வேர்க்கும் உத்தரவு தாமதமாகும். தண்ணீர் மிச்சமாகும். மூளைக் காவலன் என்று நினைத்தது கடைசியில் தண்ணீர்க் கணக்கின் கையாள். எனக்கு இந்த விளக்கமே சரியென்று படுகிறது.

இவையெல்லாம் பாலைவனத்துக்கென்றே செய்தவை போலத் தோன்றும். ஒட்டகக் குடும்பம் பிறந்தது வட அமெரிக்காவில். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் நதாலியா ரிப்சின்ஸ்கி குழுவினர் பொறுக்கியெடுத்த கால் எலும்புத் துண்டுகள் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ராட்சத ஒட்டகத்தினுடையவை என்று 2013-இல் அறிவித்தார்கள். எலும்பில் மிஞ்சியிருந்த கொலாஜன் புரதம் காட்டிக்கொடுத்தது. அன்று அந்தத் தீவில் காடு இருந்தது, ஆண்டில் பல மாதம் இருட்டும் பனியும் இருந்தன. திமில் நீண்ட பனிக்காலப் பட்டினிக்காகவும், அகன்ற பாதம் பனியில் புதையாமல் நடக்கவும் முதலில் உதவியிருக்கலாம். மணலுக்கு வந்தபோது அந்த மூட்டையோடுதான் வந்திருக்கிறது. குஜராத்தின் கட்ச் கரையில் கராய் ஒட்டகங்கள் கடல்நீரில் நீந்திப்போய் அலையாத்திக் காட்டை மேய்ந்துவிட்டு வருகின்றன. அதற்கும் புதிதாக எந்த உறுப்பும் முளைக்கவில்லை.

எல்லாக் கடனுக்கும் வசூல் நேரம் இரவு. இரவு குளிர்ந்தால்தான் ஒட்டகம் பகல் சூட்டைக் கழிக்க முடியும். பூமி சூடாகும்போது பல நிலப்பகுதிகளில் பகலைவிட இரவுகளே வேகமாகச் சூடாகின்றன. வளை உள்ளவற்றின் நிலைமை வேறு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஜோசப் கிரின்னலும் சகாக்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பை, பெர்க்லி ஆய்வாளர்கள் அதே இடங்களில் மறுபடி எடுத்தார்கள். இடையில் அங்கே சுமார் 2 டிகிரி சூடு ஏறியிருந்தது. பறவை இனங்களில், ஓர் இடத்துக்குச் சராசரியாக 40 சதவீதத்துக்கு மேல் காணவில்லை. சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. 2021-இல் வெளியான அந்த ஆய்வு காட்டும் காரணம், பறவை வெயிலில் நின்று தண்ணீர் செலவழிக்கிறது, எலி வளைக்குள் இருக்கிறது.

பெரிய விலங்குக்கு வளை இல்லை, கால் இருக்கிறது. அரேபிய ஓரிக்ஸ் 1972-இல் காட்டிலிருந்து முற்றாக அழிந்தது, காரணம் வேட்டை. சரணாலயங்களில் வளர்த்ததை 1982-இல் ஓமானில் மீண்டும் பாலைவனத்தில் விட்டார்கள். சவுதி அரேபியாவில் மஹாசாத் அஸ்-சைத் என்ற இடத்தில் 2,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டு 1990-இல் விட்டார்கள். அங்கே திரிந்த ஓரிக்ஸ்களின் உடல்சூட்டை அளந்ததில், ஆய்வுக்கூடத்து 45 டிகிரி தென்படவில்லை. கோடையில் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 4 டிகிரி ஏறி இறங்கியது. நிழலில் படுத்து, இரவில் மேய்ந்து, அவை கணக்கைச் சரியாகவே நடத்தின. பிறகு மழை பொய்த்தது. 1999 முதல் அடுத்தடுத்து வந்த வறட்சிகளில் நூற்றுக்கணக்கான ஓரிக்ஸ்கள் இறந்தன. சூட்டிலோ தாகத்திலோ இறக்கவில்லை, பட்டினியில். பாலைவனத்தில் மழை திட்டுத்திட்டாகப் பெய்யும். மழை விழுந்த திசை நோக்கி நெடுந்தூரம் நடந்து போய் மேய்வதே ஓரிக்ஸின் வழக்கம். வேட்டைக்காரரிடமிருந்து காப்பாற்றப் போட்ட வேலி அவற்றை உள்ளேயே நிறுத்திவிட்டது.